பூஜ்யம் காட்டிய விசிறி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். அதிலிருந்த பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றியது நான்தான். மதியமானால் அது தானாக அணைந்துவிடும். பழி லினக்ஸ் மேல், அதாவது என் மேல்.

"மோளே, ஓசியில கெடச்ச சாதனம் இப்படித்தான்," என்றார் முதலாளி. "வெள்ளிக்குள்ள சரியாகலன்னா பழையத ஏத்த வேற ஆளு வரும். பின்ன நீ இங்க வரவேண்டா."

மதியத்தில் மட்டும் அணைகிறதென்றால் சூடுதான் காரணம் என்று தோன்றியது. சூட்டையும் உள்விசிறியின் வேகத்தையும் அளக்கும் சில்லு மதர்போர்டிலேயே இருந்தது. அதைப் படித்துக் காட்ட, யாரும் திருத்தக்கூடிய திறமூல நிரல் ஒன்றும் இருந்தது. ஆனால் எங்கள் மலிவு போர்டின் சில்லை அதற்குத் தெரியாது. தெரிய வைக்கிறேன் பார் என்று வீம்பாக உட்கார்ந்தேன். சில்லின் விவரத்தாளை வரிவரியாகப் படித்து எழுதினேன். நகராட்சியில் தெருக்கூட்டுகிறவர் மகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே எழுதினேன்.

சூடு எண்பதைத் தாண்டிக் காட்டியது. ஆனால் விசிறியின் வேகம் பூஜ்யம். இதைக் கொண்டுபோய்க் காட்டினால், ஓடுகிற விசிறிக்குப் பூஜ்யமா என்று முதலாளி சிரிப்பார். என் கணக்கில்தான் பிழை என்று இரண்டு நாள் அதையே அழித்து அழித்து எழுதினேன். பூஜ்யம் அசையவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வியாழன் மதியம் கரண்ட் போனது. கம்ப்யூட்டரை யுபிஎஸ் தாங்கிக்கொண்டது. தலைக்கு மேல் ஃபேன் நின்றது, பின்னால் சுக்கு சலிக்கும் இயந்திரமும் நின்றது. அந்த அமைதியில்தான் கவனித்தேன், பெட்டிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அணைத்து மூடியைக் கழற்றினேன். சுக்கை வெளுக்கப் பூசும் சுண்ணாம்பின் தூள் விசிறியில் கெட்டியாகப் படிந்து அதை நிறுத்தியிருந்தது. நான் எழுதியது அத்தனையும் சரி!

முதலாளியைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னே பிரஷால் சுத்தம் செய்து ஓடவிட்டேன். பூஜ்யம் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு சுற்று ஆனது. வெள்ளி மதியம் பெட்டி அணையவில்லை.

"ஓசி சாதனம் மோசமில்லல்லோ," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

எழுதியதை அந்த நிரலின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். என் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் தெரியாத அப்பா, திரையில் என் பெயர் எது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து முகம் தெரியாத ஒருவர் எழுதினார்: உங்கள் நிரல் என் விசிறிக்குப் பூஜ்யம் காட்டுகிறது, பிழையைத் திருத்துங்கள். நான் நிரலைத் திறக்கவே இல்லை. ஒரே வரியில் பதில் போட்டேன்: முதலில் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்.