அக்கா வண்டியைப் பின்னுக்கு எடுத்த நாள்

அந்தக் குறுகிய சந்துப்பாதையை நினைத்தால் முதலில் தெரிவது அக்காவின் கைதான். வாகனத்தின் பின்னால் நின்று, உள்ளங்கையை விரித்து, "நில்லுங்கோ" என்று காட்டிய கை. அத்தான் நிற்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. அக்கா பிராங்பேர்ட்டுக்கு வெளியே, வோன்மொபில்களை வாடகைக்கு விடும் ஓரிடத்தில் துப்புரவு வேலை செய்தாள். கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு ஓடுகிற வீடுகள் அவை. கழுவுவதற்காகத் தினமும் அவற்றை நகர்த்தி நகர்த்தி, நெருக்கமான இடத்தில் பின்னுக்கு எடுப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. அப்படி ஏழு மீட்டர் வண்டியொன்றை எடுத்துக்கொண்டு அக்கா, அத்தான், அவர்களின் ஆறு வயது மகள், நான் நால்வரும் மோசல் ஆற்றங்கரைக்குப் போனோம். ஸ்டியரிங்கை அத்தான் விடவில்லை. "பொம்பிளை ஓட, நான் பக்கத்திலை குந்தியிருக்கிறதோ?" என்றார்.

அவர் அக்காவை அடிப்பவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பல வருடங்கள் வாய் திறக்காமல் இருந்தேன்.

திராட்சைத் தோட்டத்து ஊரொன்றில் வழி தவறி, கற்சுவர்களுக்கு நடுவே ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டார். முன்னால் படிக்கட்டு. பின்னுக்கு வருவதைத் தவிர வழியில்லை. அக்காவும் நானும் இறங்கிப் பின்னால் போனோம். "முன்னைத் திருப்பினால் பின்மூலை மற்றப் பக்கம் வீசும், மெல்ல வாங்கோ!" அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே மூலை சுவரில் மோதி விளக்கு நொறுங்கியது.

அத்தான் இறங்கி வந்தார். அக்காவின் தலைமயிரைப் பிடித்து, முகத்தை வண்டியின் பின்ஏணியில் இடித்தார். இரண்டாம் முறை பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவர் முதுகில் பாய்ந்தேன், முழங்கையால் தள்ளிவிட்டார். மேல்மாடி யன்னலில் ஒரு கிழவி பொலிஸைக் கூப்பிடப்போவதாக அலற, அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அக்கா என்னை இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஓடி, ஓட்டுநர் கதவால் என்னை உள்ளே தள்ளித் தானும் ஏறிப் பூட்டினாள்.

வண்டி பின்னுக்கு அசைந்தது. அத்தான் விலகவில்லை. "ஏத்தடி பாப்பம்!" என்று கல்லொன்றால் பின்கண்ணாடியை உடைத்தார். பிள்ளை மேசைக்கடியில் வீரிட்டது.

"ஏத்து அக்கா," என்றேன். "ஏத்திக் கொல்லு!"

வண்டி குலுங்கி நின்றது. அவள் பிறேக்கை மிதித்திருந்தாள். அத்தான் கல்லோடு அவள் பக்கம் ஓடிவந்து கதவுக் கண்ணாடியையும் உடைத்தார். உள்ளே கையை விட்டு அவள் கழுத்தைப் பிடித்தார். பின்னால் இப்போது யாரும் இல்லை. மடியெல்லாம் கண்ணாடித் துண்டுகள், வாயிலிருந்து இரத்தம். அக்கா பின்னைக் காட்டும் பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தபடி பின்னுக்கு எடுத்தாள். சில அடி இழுபட்டவர், பிடி நழுவி ஒரு வீட்டு வாசற்படியில் விழுந்தார். வளைவில் எந்தச் சுவரிலும் உரசாமல் அவள் வண்டியைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது பொலிஸ் வந்துகொண்டிருந்தது.

அக்கா பிறகு அந்த வீட்டுக்குப் போகவேயில்லை. பெண்கள் காப்பகம், விவாகரத்து, மகளோடு ஓர் அறை என்று வருடங்கள் போயின. இன்று பேர்லினில் பஸ் ஓட்டுகிறாள். என் மனதில் மட்டும் நான் சொன்ன சொல் கிடந்து அறுத்தது. சென்ற வருடம்தான் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு நான் கத்தினது ஞாபகம் இருக்கோ?"

"ஓம். ஏத்துறதெண்டுதான் நானும் பிறேக்கை விட்டனான். உன்ரை குரல் கேட்டுத்தான் திருப்பி மிதிச்சனான்."

"ஏன்?"

"அவரின்ரை குரல் மாதிரியே இருந்தது."