இரண்டு சர்வர் இருக்கிற தைரியம்

இரண்டு சர்வர் இருந்தால் எதுவும் தொலையாது என்று நம்பியவன் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. ஆசிரியர், மாணவர் எல்லோருக்கும் சர்வரில் ஆளுக்கொரு ஃபோல்டர். முதல் சர்வரில் இருப்பதை மணிக்கொரு தரம் இரண்டாவது அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும். "யானை மிதிச்சாலும் போகாதுங்க" என்று ஸ்டாஃப் ரூமில் அளந்திருக்கிறேன். யானை வரவில்லை. நானே மிதித்தேன்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த காலை, படித்து முடித்துப் போனவர்களின் ஃபோல்டர்களை மொத்தமாக அழித்தேன். டீ குடித்து, ஊர்க்கதை பேசித் திரும்பினால் கணிதத்துறை மேடம் வாசலில் நிற்கிறார். எங்கள் பழைய மாணவி. இப்போது இங்கேயே பாடம் நடத்திக்கொண்டு பிஎச்.டி. செய்கிறவர்.

"சார், என் ஃபோல்டரக் காணோம். தீசிஸ் முழுக்க அதுலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

பழைய மாணவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. யாரும் என்றால் நான்தான்.

"ரெண்டாவதுல இருக்கும்ங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. முதல் சர்வரில் அழிந்ததைத் தன்னிடமும் அழித்துவிடும்படி அதற்குச் சொல்லிவைத்தவனும் நான்தான். அழித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மீமிசலில் மீன் ஏலம் எடுக்கிற மச்சான் கூடை தூக்கவாவது சேர்த்துக்கொள்வானா என்று யோசித்தபடியே சர்வர் அறைக்கு ஓடினேன்.

இரண்டாவது சர்வரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். பின்னால் நெட்வொர்க் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அறையைக் கூட்டும் அக்கா துடைப்பத்தோடு நின்றார்.

"யாருக்கா இதப் புடுங்குனது?"

"நாந்தான். ஆயுத பூசையன்னைக்கு அதுகிட்ட வேல வாங்கலாமா? அங்கிட்டு இருக்கறதயும் புடுங்கத்தான் பாத்தேன், கை எட்டல. இந்தா, சொருகிடுறேன்."

"தொடாதீங்க."

சொருகினால் அடுத்த மணிக்கு இங்கேயும் அழிந்துவிடும். வயரை அப்படியே விட்டு, நேராகப் பென் டிரைவில் அந்த ஃபோல்டரை எடுத்தேன். மேடம் ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்து பார்த்தார். வயரைப் பிடுங்கிய அன்றோடு நின்றுபோன நகல் அது.

"லீவுல புதுசா ஏதும் எழுதுனீங்களாங்க?"

"எங்க சார். வீடு நெறைய விருந்தாளுங்க. ஒரு வரிகூட எழுதல."

இத்தனை சந்தோஷமாக ஒருவருடைய சோம்பலை நான் கேட்டதில்லை.

ஸ்டாஃப் ரூமில் என் முன்யோசனையைப் புகழ்ந்தார்கள். ஒரு டீ முடியும்வரை மறுக்கவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன்: ஆயுத பூஜையன்று அக்கா கழற்றிய வயரை யாரும் திரும்பச் சொருகவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. ஐந்து அத்தியாயங்களும் இருந்தன. வெள்ளிக்கிழமை மேடம் தீசிஸைக் கொடுத்துவிட்டார்.