தண்டாயுதபாணியின் மஞ்சள் ரோஜா

ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் தண்டாயுதபாணிக்கு நெசவு தெரிந்த அளவுக்குச் செடி தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை.

1937 தைப்பொங்கலுக்கு முன்பு, ஏற்காட்டு பங்களா ஒன்றில் தோட்டவேலை பார்த்த காத்தான் வேட்டி வாங்க வந்தபோது, ஒரு ரோஜாப் பதியனையும் கொண்டுவந்தார்.

"வெண்ணெய் நெறத்துல பூக்குமுங்க. வாசம் தெருவுக்கே வரும். இந்த வெக்கைக்குப் பொழைக்குமான்னுதான் தெரியல" என்றார்.

தண்டாயுதபாணி மனைவி மயிலம்மாளைப் பார்த்தார். தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பாகக் கஞ்சி போட்டுப் போட்டு, அவள் கூந்தலில் புளித்த வாடை ஏறியிருந்தது. கோயிலில் பெண்கள் விலகி நிற்கிறார்கள் என்று அவள் ஒருநாள் சொல்லி அழுததை அவர் மறக்கவில்லை. அந்தத் தலையில் இந்த ரோஜா ஏற வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

கொல்லையில் நட்டு, தென்னங்கீற்றால் நிழல் கட்டினார். மாசியில் தளிர் நீண்டது. பங்குனி வெயிலில் துவண்டது. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூல் துவண்டால் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம். செடிக்கும் அதையே செய்தார்! தண்டு, இலை விடாமல் பாவுக்கஞ்சியைப் பூசிவிட்டு, பெருமையாகத் தறியில் போய் உட்கார்ந்தார்.

வீட்டு ஆட்டுக்குக் கஞ்சி என்றால் உயிர். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நக்கியது. நக்கியதோடு நிற்காமல் இலை, தளிர், இளங்குச்சி எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. மிச்சம் ஒரு சாண் கட்டை.

"ஏனுங்க, செடிக்கு யாராச்சும் கஞ்சி போடுவாங்களா?" மயிலம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ற தலைக்குன்னுதான் புள்ள வெச்சேன்" என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. அன்று முதல் அந்தக் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றியது மயிலம்மாள்தான்.

சித்திரையில் பெய்த கோடைமழைக்குக் கட்டை ஐந்தாறு இடத்தில் துளிர்த்தது. வைகாசியில் வந்த காத்தான் குனிந்து பார்த்து, "பழைய கெளையெல்லாம் ஒட்ட வெட்டி அருமையா கவாத்து பண்ணியிருக்கீங்க. யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். தண்டாயுதபாணி ஆட்டைப் பார்த்தார்.

ஆடியில் முதல் பூ விரிந்தது. வெண்ணெய் நிறமேதான். மயிலம்மாள் தலைக்குக் குளித்து, கொண்டையில் செருகிக்கொண்டாள். அன்று அவர் உட்கார்ந்து நெய்த தறிக்குழியைத் தாண்டிக் கொல்லைக்கும் வாசலுக்குமாக ஒன்பது தடவை நடந்தாள். ஒரு தடவைகூட வேலை எதுவும் இல்லை.

ஒன்பதாவது தடவை தண்டாயுதபாணி தறியை நிறுத்தினார்.

"இன்னொருக்கா போ புள்ள" என்றார்.