சுவிஸ் மாமாவின் சீஸ் சட்டி

கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டைப் பொறுத்தவரை, அம்மாவின் தம்பி தொலைபேசிக்குள் வாழ்ந்த ஒருவர். சுவிஸில் மலையடிவார ஊரொன்றின் ஹோட்டலில் அவர் செஃப் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லுவார். ஞாயிறுதோறும் மாமா தொலைபேசி எடுத்து அந்த நாட்டுச் சாப்பாடுகளை வர்ணிப்பார். அவித்த உருளைக்கிழங்கின் மேல் உருக்கி வழித்துவிடும் சீஸ், மலைக்காற்றில் காயவைத்த இறைச்சி, அடுப்பில் வெதுப்பிய, கல்லுப்போன்ற கறுத்த பாண். வைன் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். "ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒவ்வொரு வைன் அக்கா. வெளிநாட்டுக்கு விடமாட்டினம், தாங்களே குடிச்சு முடிச்சிடுவினம்."

எனக்கு ஒன்பது வயதான கோடையில் அந்த மாமா நேரில் வந்தார். அம்மாவும் அவரும் கண்டு பதினாறு வருடங்கள். விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அந்த மணத்தில் எனக்கும் கண்ணீர் வந்தது. உடுப்புகளுக்கு நடுவே, துவாயில் சுற்றிய இரண்டு பெரிய சீஸ் துண்டுகள். கூடவே அவருடைய ஊர் வெள்ளை வைன் ஒரு போத்தல்.

சிக்கல் அந்தப் போத்தலில்தான். அப்பாவின் தமையன் குடித்தே செத்தவர். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மதுப் போத்தல் எதுவும் தாண்டியதில்லை. மாமாவோ, சனிக்கிழமை எல்லோருக்கும் ஃபொண்டூ செய்யப்போவதாக அறிவித்துவிட்டார். சீஸை வைனில் உருக்கி, சட்டியோடு மேசை நடுவில் வைத்து, பாண் துண்டை முள்ளுக்கரண்டியில் குத்தித் தோய்த்துச் சாப்பிடுவது.

"வைன் இல்லாமல் செய்யேலாதோ?" என்று அம்மா கேட்டார்.

"நீ தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி வைப்பியோ? கொதிச்சால் வெறியெல்லாம் போயிடும் அக்கா."

சனிக்கிழமை பின்னேரம் மாமா போத்தலின் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனதும், அம்மா அதை என் கையில் தந்தார். "பிள்ளை, இதைத் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு, அப்பிள் ஜூஸும் தண்ணியும் கலந்து விடு. நிறம் சரியா இருக்கவேணும்." அம்மா என்னை நம்பித் தந்த முதல் இரகசியம் அது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, நிறத்தை அச்சாகக் கொண்டுவந்தேன்.

விமானத்தில் பிடித்த தடிமனால் மாமாவுக்கு மணம் தெரியவில்லை. சட்டிக்கு உள்ளிப்பூண்டு தேய்த்து, போத்தலைக் கவிழ்த்து, துருவிய சீஸைப் பிடி பிடியாகத் தூவினார். "எட்டுப் போடுறமாதிரிக் கிண்டவேணும்" என்று எனக்குக் காட்டினார். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சீஸ் மென்று துப்பிய சூயிங்கம் போல ஒரே கட்டியாகத் திரண்டது. சுற்றிவர மஞ்சள் தண்ணீர் நின்றது. மாமா அடுப்பைக் குறைத்தார், கூட்டினார், வேர்க்க வேர்க்கக் கிண்டினார். பிறம்ரனில் வேலை முடித்து வந்திருந்த அப்பா, "சாப்பாடு ஆயிட்டுதோ?" என்று ஹோலில் இருந்து இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டார்.

மாமா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அங்கேயே குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் அங்க சமைக்கிறேல்லை. இவ்வளவு காலமும் கோப்பைதான் கழுவிறன். அடுப்பில ஒருநாளும் கை வைக்க விடேல்லை. அவங்கள் செய்யிறதைப் பாத்துப் பாத்து, எனக்கும் வருமெண்டு நினைச்சிட்டன்."

கோப்பை கழுவுவது நானும் தினமும் செய்யும் வேலை. அதற்காக ஒரு பெரிய மனிதர் ஏன் முகத்தைக் கையால் மூடவேண்டும்? ஆனால் சீஸைக் கெடுத்தது யார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். "நான்தான் ஊத்தினனான், மாமா" என்று அழத் தொடங்கிவிட்டேன்.

"அவளில்லை" என்றார் அம்மா. "நான்தான் ஊத்தச் சொன்னனான். போத்தலுக்குள்ள இருந்தது வெறும் ஜூஸடா. என்னை மன்னிச்சுக்கொள்."

மாமா மெல்லக் கையை எடுத்தார். "அப்ப... பிழை என்ரை கையிலை இல்லையோ?"

கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டு துள்ளி எழும்பினார். "புளிப்புத்தான் அக்கா, புளிப்பு! வைனிலை இருக்கிற புளிப்புத்தான் சீஸை இளக்கிறது. தேசிக்காய் இருக்கோ?" மூன்று தேசிக்காய் பிழிந்தார்கள். அம்மா சட்டியைப் பிடிக்க, மாமா கிண்ட, அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாக இளகி, களி போலாகி, கடைசியில் பட்டுப்போல வழுகியது.

சீஸென்றால் முகம் சுளிக்கும் அப்பா அன்று மொறுமொறுத்த ரோஸ்பாணில் பாதியை முடித்தார். "தம்பி, உம்மடை ஹோட்டலில இதுதானோ சமைக்கிறனீர்?" என்று கேட்டார்.

மாமா சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், இதுதான்" என்றார் அம்மா. "இவன்ரை கையாலை சாப்பிடவெண்டே ஆக்கள் மலையேறி வருவினம்."

திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பாண் துண்டைத் தோய்த்து அதற்குள் வைத்துவிட்டார்.

ஒரே நாளில் அம்மா இரண்டு பேரை ஏமாற்றியிருந்தார். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அப்பாவிடம் எப்போது கேட்பார் என்று அந்தக் கோடை முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.