வசூலுக்கு வந்தவர்கள் கட்டிய நூறு ரூபாய்

போன புதன்கிழமை என் அக்கா முத்துலட்சுமி என்னைப் பார்த்து, "எந்திரிச்சு வெளியில போடா" என்றாள்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தினமும் சர்க்கரை மாத்திரை போடுகிறவன். வாராவாரம் போட்டோவோடு பத்தி எழுதுகிறவன். காரைக்குடியில் நாலு பேர் வணக்கம் வைக்கிறார்கள். அதெல்லாம் அக்கா இருக்கிற நேமத்தான்பட்டியில் செல்லாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? ஒரு கவரில் பத்தாயிரம் ரூபாய் வைத்து அவளிடம் நீட்டினேன். அவ்வளவுதான்!

கதையைக் கொஞ்சம் முன்னால் இருந்து சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின நாள் எங்கள் சித்தப்பா மகன் போன் செய்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, அக்கா வீட்டுக்கு வசூல்காரவுக பைக்குல வாராகளாம்ல... ரெண்டு தடவை வந்துட்டாகளாம். டீக்கடையில ஒரே பேச்சா இருக்கு. கதவைத் தட்டுனா அக்கா உள்ளயே ஒளிஞ்சுக்கிருதாம்" என்றான்.

அக்காவா? கடனா?

மகள் கல்யாணத்துக்கே கடன் வாங்காதவள் அவள். ஆறு வருஷம் சீட்டுப் போட்டு, நகையைக் கிராம் கிராமாகச் சேர்த்து முடித்தாள். மச்சான் கொத்தனார். வேலை கிடைக்கிற ஊரில் தங்கிவிட்டு மாதம் ஒருமுறை வருவார். ஒருவேளை அவருக்கு ஏதாவது... உடம்புக்கு ஏதாவது... இப்படி ராத்திரி முழுக்கக் கற்பனை செய்தேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையில் ஏ.டி.எம்.முக்குப் போனேன்.

அக்கா நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். சொந்தக்காரர்கள் ஆறு குடும்பம். எல்லாரும் பங்காளிகள். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கு ஒரு திசையில் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அக்காதான் அந்த வீடு. பெருக்குவாள், விளக்கேற்றுவாள், புறா விரட்டுவாள், மழை பெய்தால் ஓடு எங்கே ஒழுகுகிறது என்று வாளியோடு ஓடுவாள். வீடு பார்க்க வருகிற டூரிஸ்ட்களைச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். வரவு செலவை மட்டும் அந்தக் குடும்பங்களில் மூத்த ஆச்சி போனில் கேட்டுக்கொள்வார்.

ஆறு குடும்பத்துக்கும் இன்றைக்கும் ஆதார் அட்டையில் அந்த வீட்டு முகவரிதான். பேரன் சென்னையில் பிறந்து வளர்ந்திருப்பான். ஆனாலும் நிரந்தர முகவரி என்று கேட்டால் கை தானாக நேமத்தான்பட்டி என்று எழுதும். பெருமைதான், தப்பில்லை. அந்தப் பேரன்களில் ஒருவர் (பெயர் போடக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள்) ஏ.சி., வாஷிங் மெஷின், பிரிட்ஜ் மூன்றையும் தவணையில் வாங்கியிருக்கிறார். பாதியில் தவணை நின்றுவிட்டது. இன்டர்நெட் பில்லும் நாலு மாதமாக நின்றுவிட்டது. இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆதாரைப் பார்த்தார்கள். வசூல் ஏஜென்சி ஆட்களை நேமத்தான்பட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்!

சரி, கதவைத் தட்டியபோது அக்கா ஏன் திறக்கவில்லை?

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அக்கா குடியிருப்பது பின்கட்டில். முன்வாசலில் வெடி வெடித்தாலும் பின்கட்டில் பாதிதான் கேட்கும். டூரிஸ்ட்கள் எல்லாம் போன் பண்ணிவிட்டு வருவார்கள். இவர்கள் தட்டிவிட்டு, காத்திருந்துவிட்டு, டீக்கடையில் போய் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல்தான் நான் கவரை நீட்டினேன்.

"எவன்டா ஒனக்குச் சொன்னது? நான் எவன்கிட்டயாவது போய் நின்னதை நீ பாத்திருக்கியா?" என்றாள் அக்கா. "பதினோரு பொம்பளைக என் கையெழுத்தை நம்பித்தான் குழுவுல லோன் வாங்குறாளுக. நேத்து ஒருத்தி வந்து, அக்கா தலைவியா வேற ஆளைப் போட்டுக்கிருவமான்னு கேக்குறா. இப்ப நீ வேற பணத்தைத் தூக்கிட்டு வந்து நிக்கிறே!"

அப்போதுதான் புரிந்தது. மகளிர் குழுவின் தலைவி அவள். அவளிடம் இருக்கிற ஒரே சொத்து பெயர்தான். அதைத்தான் இரண்டு பேர் டீக்கடையில் வைத்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அரிசி புடைக்கும் முறம், வெங்காயம், வெட்டுக்கத்தி, செல்போன் எல்லாம் முன்வாசலில் கிடந்ததை வரும்போதே கவனித்திருந்தேன். மூன்று நாளாக அவள் சமையல் வேலையை முன்வாசலுக்கே மாற்றிவிட்டாளாம். எதற்கு? அவர்கள் திரும்ப வந்தால் தப்பவிடக் கூடாது என்றுதான்! வசூல்காரர்களுக்குப் பயந்து ஒளிகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வசூல்காரர்களுக்காகக் காத்திருந்த மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அவமானத்தோடு படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. ஒருவர் தாடி வைத்திருந்தார். இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. மதுரைக்காரர்கள்.

தாடிக்காரர் அந்தப் பேரனின் பெயரைச் சொல்லி, "இருக்காராம்மா?" என்றார்.

"இல்லை. வாங்க, தண்ணி குடிக்கிறீகளா?"

"தண்ணியெல்லாம் வேணாம். எப்ப வந்தாலும் கதவைத் தொறக்க மாட்டேங்கிறீங்க. பொருளையும் ஆளையும் உள்ள வச்சுக்கிட்டு எங்களை அலைய விடுறீங்களா? நாங்க உள்ள பாக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், யாருகிட்ட பேசுறோம்னு..." என்று ஆரம்பித்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"பாக்கணுமா? தாராளமா பாருங்க" என்றாள் அக்கா. "ஆளுக்கு அம்பது ரூபா."

"என்னது?"

"வீடு பாக்க அம்பது ரூபா. வெளிநாட்டுக்காரவுக வந்தாலும் அம்பதுதான், பெரிய ஆபீசர் வந்தாலும் அம்பதுதான். இந்தா நோட்டு. பேரு, ஊரு, போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. யாரு வந்தா போனான்னு ஆச்சி கேப்பாக."

தாடிக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டு நீட்டியபடியே இருந்தது. சில்லறை இல்லை என்று சமாளித்துப் பார்த்தார்... அக்கா தூணில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு அட்டையைக் காட்டினாள்! பீப் சத்தம் கேட்டது. நூறு ரூபாய் வந்துவிட்டது. ஆச்சி கணக்கில், ஓடு மாற்றுகிற செலவுக்கு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அக்கா அவர்களுக்கு முழு வீட்டையும் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. "இது பர்மாத் தேக்கு. இந்தச் செவத்தைத் தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருக்குதா? முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசுனது." ஹெல்மெட்காரர் தொட்டுப் பார்த்தார். தன்னை மறந்து ஹெல்மெட்டைக் கூடக் கழற்றிவிட்டார்.

நடுமுற்றத்தைச் சுற்றி ஆறு அறைகள், ஆறு பூட்டுகள். மூன்றாவது அறை முன்னால் அக்கா நின்றாள். "இதுதான் நீங்க தேடுறவுக அறை. பூட்டு அவுகளது. சாவி சென்னையில. நானே உள்ள பாத்து நாலு வருசமாச்சு. இந்தப் பூட்டுல கை வைக்க எனக்கும் உரிமை இல்லை, ஒங்களுக்கும் இல்லை."

பின்கட்டுக்கு வந்தார்கள். அக்காவின் அடுப்படியில் ஒரு பிரிட்ஜ். தாடிக்காரரின் கண் பளிச்சிட்டது. "இது?"

அக்கா ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பில். 'முத்துலட்சுமி, ரொக்கம்' என்று எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா, அவரு போன் நம்பரையாவது குடுங்க. இல்லைன்னா நாங்க தினம் வர வேண்டியிருக்கும்."

"வாங்க" என்றாள் அக்கா. "தினம் அம்பது ரூபா."

நான் சிரிப்பை அடக்க முற்றத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நம்பர் தர மாட்டேன். அவுக கடன் அவுக பாடு. நீங்க வந்து போனதை நான் அவுகளுக்குச் சொல்லுவேன். ஆளு இங்க குடியில்லைன்னு ஒங்க செல்லுல இப்பவே பதிஞ்சுட்டு எனக்குக் காட்டுங்க." பதிந்தார்கள். காட்டினார்கள். போகத் திரும்பினார்கள்.

"நில்லுங்க. இனிமேத்தான் என் வசூல்" என்றாள் அக்கா. "டீக்கடையில என்னைப் பத்தி என்ன சொன்னீக?"

ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இந்த நோட்டுல ஒங்க பேரு, நம்பர், கையெழுத்து எல்லாம் இருக்கு. நீங்க பேசுனதைக் கேட்டவுக நாலு பேரு இருக்காக. நான் சிவகங்கைக்கு பஸ் ஏறி பெரிய போலீசைப் பாக்கட்டுமா? இல்லை, நீங்க டீக்கடை வரைக்கும் என்கூட நடக்கிறீகளா?"

நடந்தார்கள்! முன்னால் அக்கா, பின்னால் அவர்கள், கடைசியில் நான். பகல் பதினொரு மணி, கடை நிறைய ஆள். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். தாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்தம்மா எந்தக் கடனும் வாங்கல. நாங்க ஆளு தெரியாம சொல்லிட்டோம்" என்றார். குழுவில் வேறு தலைவி போடலாமா என்று கேட்ட அந்தப் பெண், எதிர்க் கடையில் மிளகாய் வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து, "மாஸ்டர், இவுக ரெண்டு பேருக்கும் டீ குடுங்க. வெயில்ல மதுரை வரைக்கும் போகணும்" என்றாள். எத்தனையோ மேடையில் மாலை வாங்கியிருக்கிறேன். இவள் தம்பி என்று அந்தக் கடையில் நின்ற கர்வம் எதிலும் வந்ததில்லை.

யாரோ வாங்குகிறார்கள், யாரோ அனுபவிக்கிறார்கள். ஆனால் கதவைத் தட்டுகிறவர்கள் எப்போதும் வீட்டில் இருக்கிறவர்களைத்தான் பிடிக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மாவுக்குப் புது சிம் வாங்கிய நாளில் இருந்து யாரோ ஒரு கோபாலின் கடனுக்குப் போன் வருகிறது. பாவம், நம்பரையே மாற்றிவிட்டார். நாம் வாங்காத கடனுக்கு நாம் ஏன் ஒளிய வேண்டும்? ஒளிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இதை அக்காவிடம்தான் கற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அந்தப் பேரனுக்குப் போன் போட்டாள். "தம்பி, கட்ட முடிஞ்சாக் கட்டுங்க. முடியலைன்னா கம்பெனிக்காரவுககிட்டப் பேசித் தவணை கேளுங்க. மொதல்ல அட்ரசை மாத்துங்க." அவர் மன்னிப்புக் கேட்டார். இந்த வாரத்துக்குள் பாதியைக் கட்டிவிட்டாராம். முகவரி மாற்றத்தான் இன்னும் லீவு கிடைக்கவில்லையாம்!

போனை வைத்ததும் நான் உருகிப்போய், "அக்கா, உன்னைய நெனச்சா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா" என்றேன்.

"நீ பேசாத" என்றாள். "அவுக ரெண்டு பேரும் வெளியூரு. என்னைத் தெரியாது, பேசுனாக. நீ கூடப் பொறந்தவன். எவனோ சொன்னான்னதும் ஒரு வார்த்தை கேக்காம பணத்தைத் தூக்கிட்டு வந்தே. அவுகளாவது டீக்கடையில மாத்திச் சொன்னாக. நீ எங்க போய்ச் சொல்லப் போறே? நீ எழுதுறதைத்தான் வாராவாரம் ஊரே படிக்குதே..."

எனவே இதைப் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்: என் அக்கா முத்துலட்சுமி யாருக்கும் பத்துப் பைசா பாக்கி வைத்ததில்லை. அவளைச் சந்தேகப்பட்டவன், கூடப் பிறந்த நான்தான்.