அண்ணாந்து பார்க்கும் லெவ்வை

வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு உதுமாலெவ்வை நின்றுவிடுகிறார். உள்ளே ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். கலியாண வீட்டுச் சோற்றின் வாசனை தெருமுனை வரை போய் ஆளைக் கூட்டி வருகிறது. இவரோ பின்னங்கழுத்து மடிய அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். சஹனுக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. அதன் கொக்கி, கொக்கியின் ஆணி, ஆணியைப் பிடித்திருக்கும் கொங்கிறீற்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துத் தலையை ஆட்டுகிறார்.

"வாங்க லெவ்வை, சோறு ஆறுது."

"நீங்க திண்ணுங்க. நான் அந்த மூலைச் சஹனுக்குப் போறன்."

பள்ளிவாசலிலும் இதே கதைதான். முதல் வரிசையில் தொழுதால் நன்மை அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வரிசைக்கு மேல் எத்தனை விசிறி என்பது லெவ்வைக்கு மட்டும் தெரியும். தென்னை மரத்துக்குக் கீழே சைக்கிளை நிறுத்த மாட்டார். தொங்குகிற எதையும் நம்பாத இந்த மனிதர், பாரம் தொங்கவிடுகிற சாமான்களைப் பார்த்துப் பராமரித்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறார்.

கிழக்கிலங்கைக் கரையில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, பாரம் தூக்கும் செயின் புளொக் தொங்குகிற இடமெல்லாம் அவருடைய ராச்சியம். ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, படகு இயந்திரம் திருத்தும் பட்டறை எதுவாக இருந்தாலும், பழைய சாறன் துணி ஒரு கட்டு, பெயின்ற் பிறஷ் ஒன்று, ஒயில் போத்தல் ஒன்று என்று வந்து இறங்குவார். சங்கிலியைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு வளையமாக விரலால் தடவித் தேய்வு பார்த்து, அதன் பிறகுதான் ஒயில் போத்தலைத் திறப்பார். அழுக்குக்கு மேலேயே எண்ணெயை ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "செயின் என்ன குமர்ப்புள்ளட தலமுடியா, எண்ணெயப் பூசிச் சீவி விர்றதுக்கு? முதல்ல கழுவு. மறுகா ஒயிலக் காட்டு" என்பார். தூக்கிய பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிறேக்கைப் பற்றிக் கேட்டால் குரல் தணிந்துவிடும். "அது மட்டும் காஞ்சி கிடக்கோணும். நோன்பாளிட வாய் மாதிரி. ஒரு சொட்டு ஒயில் பட்டா முறிஞ்சி போச்சி." ஊரில் அவருக்கு ஒயில் லெவ்வை என்று பெயர். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் அசல் லெவ்வைக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் ஆளைத் தாக்குகிற கிறீஸ் பூதம் வருகிறது என்று ஊர்கள் கையும் கம்புமாக விழித்திருந்த நாட்களில், அரிசி ஆலையிலிருந்து மைம்மல் இருட்டில் மினுமினுத்த கைகளோடு வந்த லெவ்வையைத் தெருவில் சிலர் மறித்துவிட்டார்கள். வேறொருவர் என்றால் காலில் விழுந்திருப்பார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது கிறீஸ் இல்ல தம்பி, கியர் ஒயில். கிறீஸ் எண்டா ஒட்டும், இது வடியும். மணந்து பாருங்க" என்று கையை ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுபோனார். இப்படி ஒரு பூதம் இருக்க முடியாது என்று முடிவுகட்டி அவரை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பேசுகிறவருடைய வீட்டுக் கூடத்தில் தொங்கும் விசிறிதான் ஊரிலேயே மோசமானது. கரகரவென்று சுற்றும். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து சேர்வார். லெவ்வையின் மனைவி சித்தி லைலாவுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவருடைய மூத்த சகோதரர் அப்துல் கபூர் ஹாஜியார். விசிறிக் கொக்கியையும் ஏணி வைத்து ஏறி அவரே போட்டார். புது மாப்பிள்ளையாக உள்ளே வந்த அன்றே லெவ்வை அண்ணாந்து பார்த்து, "இந்தக் கொக்கி ஆரு போட்ட?" என்று கேட்டுவிட்டார். மாற்றுகிறேன் என்று ஒருமுறை ஏணியை எடுத்தபோது லைலா குறுக்கே வந்து நின்றார்.

"எங்கட காக்கா போட்ட கொக்கியில கை வெச்சீங்க எண்டா, இந்த ஊட்டுல நீங்க இரிக்க ஏலா."

வீடு லைலாவுடையது. லெவ்வை ஏணியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அன்று முதல் கூடத்துச் சுவரோரக் கதிரைதான் அவருடைய இடம். விசிறிக்குக் கீழே இருக்கிற கதிரை வருகிறவர்களுக்கு.

போன மாதம் மகள் ஹிமாயாவுக்கும் கபூர் ஹாஜியாரின் மகன் பர்ஹானுக்கும் கலியாணம் பேசி முடிந்தது. இரண்டு பேருக்கும் நெடுநாள் விருப்பம். லெவ்வைக்கு ஹிமாயா என்றால் உயிர். ஹாஜியார் வந்து நாள் வைப்பது ஒன்றுதான் பாக்கி. ஹாஜியாரோ முகம் கொஞ்சம் சுருங்கினாலும் மறக்காத ஆள். லைலா கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இஞ்சேருங்க, நாள் வெச்சி முடியிற மட்டும் ஒங்கட வாய்க்கு ஒரு பிறேக்கப் போடுங்க."

"ஓம்" என்றார் லெவ்வை. மனமாரத்தான் சொன்னார்.

கடல் அடங்கி மீன் படத் தொடங்கியிருந்த நேரம். சாய்ந்தமருதில் இருக்கிற ஹாஜியாரின் ஐஸ் தொழிற்சாலையில் மூச்சுவிட நேரமில்லை. அங்கே உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஐஸ் டின்களை வரிசையாகத் தூக்குவது ஒரு செயின் புளொக். தூக்கிய டின்களைக் கீழே நின்று கையால் பிடித்துத் திருப்புகிறவர் பெரியநீலாவணை அமிர்தலிங்கம். அவர்தான் லெவ்வைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"காக்கா, ஒருக்கா வந்து பாருங்க. தூக்கி நிப்பாட்டின ஐஸ் தானா இறங்கி வருது. எனக்குத் தலைக்கு மேல கிடக்கு."

லெவ்வை போனார். படலைக்கு வரும்போதே சுறா எண்ணெய் மணம் வந்து முகத்தில் அறைந்தது. உப்புக் காற்றில் வாழ்கிற கடற்கரைச் சனம் கையில் எண்ணெய் கிடைத்தால் எதையும் சும்மா விடாது. படகுக்குப் பூசும், பூட்டுக்குப் பூசும், முழங்காலுக்கும் பூசும். ஹாஜியாரும் கடற்கரைச் சனம்தானே.

"நான்தான் போட்டன் மச்சான்" என்றார் ஹாஜியார் பெருமையாக. "ஒங்களக் கூப்பிட்டா ஒவ்வொரு வளையமாக் கொஞ்சிக்கிட்டு இரிப்பீங்க. மூடியக் கழட்டி உள்ளுக்கும் ஊத்திட்டன்."

"பிறேக்குக்குள்ளயுமா?"

"ஒரு இடமும் விடல்ல."

லெவ்வையின் வாய் திறந்தது. லைலாவின் முகம் ஞாபகம் வந்தது. வாய் மூடியது. அவரைத் தெரிந்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

"போட்டுகள் ஐசுக்கு நிக்கிது" என்றார் ஹாஜியார். "இண்டைக்கு மட்டும் ஓடட்டும், நாளைக்குப் பாப்பம். அமிர்தலிங்கம், கீழ நில்லு."

அமிர்தலிங்கம் நகரவில்லை. லெவ்வையைப் பார்த்தார். லெவ்வை வெளியே போய், ஹாஜியாரின் புது ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார். கயிற்றுப் பட்டியைப் போட்டுக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். பக்கத்தில் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க மச்சான். கலியாண நாளப் பத்திக் கொஞ்சம் கதைப்பம்."

"ஒங்களுக்கென்ன விசரா? என்ட ஸ்கூட்டர இறக்குங்க."

"நான் இறக்கத் தேவையில்ல. அது தானா வரும்."

வந்தது. முதலில் யாரும் கவனிக்காத அளவுக்கு, பிறகு ஒரு விரல், பிறகு ஒரு சாண். ஹாஜியார் படகுக்காரர்களைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார், கண் மட்டும் ஸ்கூட்டரை விட்டு அசையவில்லை. பேச்சோடு பேச்சாகத் தன் காலையும் பின்னால் இழுத்துக்கொண்டார். கடைசியில் அது ஒரேயடியாக வழுக்கி விழுந்தது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது. அமிர்தலிங்கம் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

ஹாஜியார் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்தார், யாரையும் பார்க்காமல் போய்விட்டார். லெவ்வை புளொக்கை இறக்கிப் பிரித்தார். பிறேக் தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. புதுத் தட்டுகளுக்கு ஆள் அனுப்பினார். அன்றைக்குப் படகுகள் வேறிடத்து ஐசோடு கடலுக்குப் போயின.

அதன் பிறகு நாள் வைக்க ஹாஜியார் வரவில்லை. வீட்டில் லைலா டங்கென்று வைத்த பீங்கான்தான் பேசியது. ஹிமாயா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாப்பாவுக்குப் பால் சேர்க்காத பிளேன்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். அதுதான் அவரைக் கொன்றது. ஸ்கூட்டரைத் தூக்கியதற்கு அவர் வருந்தவில்லை. தூக்கிவைத்துக்கொண்டு கலியாணப் பேச்சை எடுத்ததை நினைத்துத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தபடி, தன்னுடைய ஒரு குறும்பால் மகளுடைய வாழ்க்கை இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்திருந்தார். அதை நிறுத்த அவரிடம் எந்தச் சாமானும் இல்லை.

ஜும்மா முடிந்த ஒரு பகலில் ஹாஜியார் வந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணாந்து மேலே பார்த்தார். தான் போட்ட கொக்கியை, அது ஆடுகிற ஆட்டத்தை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரை ஒட்டி நடந்துபோய், லெவ்வை அவசரமாக எழுந்துவிட்ட சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார்.

குசினி வாசலில் லைலா. அவருடைய தோளுக்குப் பின்னால் ஹிமாயா.

"பெருநாளைக்கு மறுகா நாள் வெப்பமா எண்டு கேக்கத்தான் வந்தன்" என்றார் ஹாஜியார். "நிண்டுக்கிட்டு கலியாணம் பேசேலாது. இரிங்க மச்சான்."

கூடத்தில் மிச்சம் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. அதற்கு நேர் மேலே விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. உதுமாலெவ்வை சாறனை ஒதுக்கிக்கொண்டு, மேலே பார்க்காமல், அதில் போய் உட்கார்ந்தார்.