மூன்றாவது கோப்பை

மர்செலின் அம்மாள் கோப்பையின் வாயில் ஒரு ஊது ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடியும் துடைக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை இதுதான். கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

வெந்நீர் மட்டும், சோப்பு ஆகாது. சோப்புப் பிசுக்கு துளி ஒட்டியிருந்தாலும் ஷாம்பெயினில் நுரை எழும்பாது. ஷாம்பெயின் தயாரிக்கும் எங்கள் பிரெஞ்சு ஊரில் எல்லார் வீட்டிலும் வழக்கம் இதுதான். அவர் வீட்டில் அது வேதம். எழுபத்தெட்டு வயது. சொந்தத் திராட்சைத் தோட்டம், பாட்டில்களை வைக்கச் சொந்த நிலவறை. முத்துமாலை போடாமல் கோழிக்குத் தீனி போடக்கூட வெளியே வரமாட்டார். பாட்டில் மூடி 'டப்'பென்று வெடித்தால் முகம் சுளிப்பார். "பெருமூச்சு மாதிரி வரணும். திருவிழா வேட்டா போடுறோம்?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், திராட்சைக்காரர்களின் பாதுகாவலரான புனித வின்சென்ட் திருநாள். பவனி முடிந்து பங்குச் சாமியாரோடு பன்னிரண்டு பேர் மேசையில் இருந்தோம். உதவி செய்வதாக நினைத்துப் புது மருமகள் கரீன் அத்தனை கோப்பைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். ஊற்றினால் நுரையே இல்லை. அம்மாள் சிரித்துக்கொண்டே, "விடுங்க, பீர்க்கடைப் பொண்ணு. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். கரீன் அதற்குப் பிறகு இந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

இந்த வருஷத் திருநாளுக்கு இரண்டு பேரும் வருவதாக மகன் தியரி போனில் சொல்லியிருந்தான். அன்று காலையில், பக்கத்து வீட்டுக்காரியான நான் அம்மாளைப் பூசைக்குக் கூப்பிடப் போனேன். தொட்டி நிறைய சோப்புத் தண்ணீர். முழங்கை வரை கையை விட்டு மூன்று கோப்பைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மதாம், என்ன பண்றீங்க?"

"கத்தாதடி. அன்னிக்கு அவ கழுவுன கோப்பைல எப்படி இருந்துச்சோ, இன்னிக்கு நான் ஊத்துறதும் அப்படியே இருக்கட்டும். அவ முன்னாலயே குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். வாய் விட்டு மன்னிப்புக் கேக்க எனக்கு வராது."

நண்பகலில், கோவிலில் ஆசீர்வதித்த ரொட்டியைக் கொடுக்கப் போனேன். தியரி தனியாக வந்திருந்தான். "கரீனுக்கு வேலைம்மா" என்றான், தரையைப் பார்த்து.

அம்மாள் பாட்டிலை எடுத்தார். மூடியைப் பெருமூச்சு போலத் திறந்து ஊற்றினார். தியரி கோப்பையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னம்மா, நுரையே காணோம்? யாரு கழுவுனா?"

"நான்தான்" என்றவர், மூன்றாவது கோப்பையையும் நிரப்பி, காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.